பட்டியலில் ஒரு பெயர்: நிதித் திட்டமிடல் மென்பொருளும் வருங்கால வாடிக்கையாளரும்

(கனடாவாழ் தமிழ்ப் பெற்றோர்க்கும் இளையோர்க்குமான உரையின் எழுத்து வடிவம்)



கனடாவில் காப்புறுதி முகவராகவோ நிதி ஆலோசகராகவோ தொழில் தொடங்கும் இளையவரிடம் முதல் வாரத்திலேயே ஒரு வெற்றுத்தாளை நீட்டுவது அத்தொழிலின் நெடுங்கால வழக்கம். தமக்குத் தெரிந்த நூறு பேரின் பெயர்களை அவர் அத்தாளில் எழுத வேண்டும். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்சிலோ வளர்ந்த தமிழ் இளையவர்க்கு அது கடினமான வேலையன்று. மாமா, மாமி, பெரியம்மாவின் பிள்ளைகள், தந்தையின் பழைய மாணவர் சங்கத்தார், கோயில் உபயகாரர், நடன ஆசிரியை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உடன் படித்தோர் என ஒரு மாலைப்பொழுதிலேயே நூறும் நிறைந்துவிடும். மறுநாள் அப்பெயர்கள் ஒரு மென்பொருளுக்குள் புகும். பெயர்களுக்கு உரியவர்களுள் பெரும்பாலார்க்கு அது தெரிந்திராது.

இவ்வுரையின் பொருள் அந்த நூறு பெயர்களே. அப்பட்டியலை ஆக்கும் இளையோரும் அதில் இடம்பெறும் பெற்றோரும் இன்று பல தமிழ் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். ஆகவே இரு சாராரும் ஒருங்கே கேட்க வேண்டிய செய்தி இது. ஒரு பெயர் எவ்வழியாக வந்தது, அப்பெயருக்கு உரியவர் எதற்கு இசைந்தார் என்னும் இரண்டும் பெயரோடு சேர்த்து எழுதப்படாத பட்டியல், எத்துணை விலையுயர்ந்த மென்பொருளில் இருப்பினும் ஒழுங்கற்ற பட்டியலே ஆகும்.

முன்னர் முகவர்கள் சிறு அட்டைகளில் பெயர்களை எழுதிப் பெட்டியில் அகரவரிசைப்படி அடுக்கி வைத்தனர். 1987 இல் 'ஆக்ட்' என்னும் தொடர்பு மென்பொருள் வெளிவந்தது. வன்கூவரில் உருவான 'மாக்சிமைசர்' என்பதும் அக்காலத்ததே. அட்டைப்பெட்டி கணினிக்குள் குடியேறியது. அதே காலப்பகுதியில் வின்னிபெக் நகரில் 'நவிபிளான்' போன்ற நிதித் திட்டமிடல் மென்பொருள்கள் வளர்ந்தன. இவ்விரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டைப் புதியோர் பலர் கருத்திற் கொள்வதில்லை. தொடர்பு மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும்: யாரிடம் என்று பேசப்பட்டது, அடுத்து என்று பேச வேண்டும் என்பதே அதன் வேலை. திட்டமிடல் மென்பொருள் கணக்கிடும்: வருமானம், கடன், சேமிப்பு, பிறந்த நாள் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, ஓய்வுக்காலத்தில் பணம் போதுமா, குடும்பத் தலைவர் இறப்பின் எவ்வளவு காப்புறுதி வேண்டும் என்பனவற்றைக் கூறும்.

இன்னும் வாடிக்கையாளர் ஆகாத ஒருவரின் பெயர் முதல் வகையில் இருக்கலாம். இரண்டாம் வகைக்குள் அதனைக் கொண்டுபோய் வைப்பதிலேதான் இடர் தொடங்குகிறது. திட்டமிடல் மென்பொருள் வெற்றிடத்தைப் பொறுக்காது. வருமானக் கட்டம் நிரம்பாவிடின் கணக்கு நகராது. அப்போது இளையவர் ஊகிக்கிறார். மாமாவின் வீடு மார்க்கத்தில் உள்ளது, இரு வாகனங்கள் உள்ளன, மாமியும் வேலைக்குப் போகிறார், ஆகவே வருமானம் ஏறத்தாழ இவ்வளவு இருக்கலாம் என எண்ணி ஓர் எண்ணை இடுகிறார். அவ்வீட்டிற்கு இரண்டாம் அடமானம் இருப்பதோ, ஊரில் உள்ள சகோதரியின் குடும்பத்திற்கு மாதந்தோறும் பணம் போவதோ மென்பொருளுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து அக்கோப்பைத் திறக்கும் மேலாளரும், சில வேளைகளில் அம்முகவரும்கூட, அவ்வெண் ஊகத்தால் வந்தது என்பதை மறந்துவிடுவர். திரையில் ஊகமும் உண்மையும் ஒரே எழுத்துருவில்தான் தெரிகின்றன.

கனடாவின் முதலீட்டுத் துறையில் 2021 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இதனை மேலும் இறுக்கியுள்ளன. பரிந்துரை ஒன்று பொருத்தமானது எனக் கூறுமுன் வாடிக்கையாளரின் நிலைமை, தேவை, நட்டத்தைத் தாங்கும் ஆற்றல், அதனைத் தாங்கும் மனநிலை ஆகியவற்றை ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும். அதன் பின்னரும் குறைந்தது 36 மாதங்களுக்கு ஒருமுறையேனும் அவற்றை மீளாய்வு செய்தல் வேண்டும். அறிதல் என்பது கேட்டு அறிதலே. ஆகவே வருங்கால வாடிக்கையாளரின் பதிவில் வருமானக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். இன்னும் கேட்கப்படவில்லை என்பதை அவ்வெறுமை நேர்மையாகச் சொல்லி நிற்கும்.

இடையே ஒரு சொல். மென்பொருளின் பெயரில் 'நிதித் திட்டமிடல்' என்று இருப்பதால் அதனைப் பயன்படுத்துவோர் அனைவரும் நிதித் திட்டமிடுநர் ஆகிவிடார். ஒன்ராறியோவில் 2022 மார்ச் 28 முதல், ஏற்பளிக்கப்பட்ட தகுதிச் சான்று பெற்றோர் மட்டுமே அப்பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்ள முடியும். 'நிதி ஆலோசகர்' என்பதற்கும் அவ்வாறே. விற்பனை அட்டையில் எதைப் போட்டுக்கொள்வது என்பதில் இளையோர் கவனமாய் இருத்தல் நன்று.

இனி, தமிழ்ப் பெயர்களை இம்மென்பொருள்கள் படுத்தும் பாடு. இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. மேலை நாட்டில் ஆக்கப்பட்ட மென்பொருள், குடும்பம் என்பதைக் குடும்பப் பெயரால் அடையாளம் காண்கிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோர் ஒரே கடைசிப் பெயரைக் கொண்டிருப்பர் என்பது அதன் எதிர்பார்ப்பு. தமிழர் மரபில் தந்தையின் பெயரே பிள்ளைக்கு முன்பெயராக நிற்கிறது. கனடாவில் அதுவே கடைசிப் பெயராக மாறியது. எடுத்துக்காட்டாகக் கந்தையா என்பவரின் மகன் சிவபாலன் கந்தையா ஆவார். சிவபாலனின் மகள் அருணா சிவபாலன் ஆவாள். சிவபாலனின் மனைவியோ தம் தந்தையின் பெயரையே இன்னும் வைத்திருப்பார். ஒரே வீட்டில் நான்கு பேர் வாழ, மூன்றோ நான்கோ கடைசிப் பெயர்கள் இருக்கும். மென்பொருளின் கண்ணுக்கு இவர்கள் ஒருவரையொருவர் அறியாத அயலார். போதாக்குறைக்கு, குடிவரவுப் படிவத்தில் அதிகாரி ஒருவர் முன்னதைப் பின்னதாக மாற்றி எழுதியதால் உடன்பிறந்த சகோதரர் இருவர் வெவ்வேறு கடைசிப் பெயர்களோடு வாழ்வதும் உண்டு.

எழுத்துக்கூட்டலின் சிக்கல் இதனோடு சேர்கிறது. விக்னேஸ்வரன் என்னும் பெயரை ஆங்கிலத்தில் 'வி' யில் தொடங்குவோர் உளர், 'டபிள்யூ' வில் தொடங்குவோரும் உளர். இடையில் வரும் எழுத்து 'எஸ்' மட்டுமா, 'எஸ்' உம் 'எச்' உமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஒருவரே வங்கியில் ஒரு விதமாகவும் ஓட்டுநர் உரிமத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பார். திருமண வீட்டில் ஒருமுறை, சங்க விருந்தில் ஒருமுறை, பரிந்துரையால் ஒருமுறை என மூன்று வழிகளில் வந்த ஒரே மனிதர் பட்டியலில் மூவராகிவிடுகிறார். ஒரு பதிவில் 'இனி அழைக்க வேண்டாம்' என்று குறிக்கப்பட்டிருந்தாலும் மற்ற இரு பதிவுகளும் அவரை அழைத்துக்கொண்டே இருக்கும். அவர் சினங்கொள்வதில் வியப்பில்லை.

தமிழிலேயே பட்டியல் வைத்திருந்தோர்க்கு வேறொரு துன்பம் நேர்ந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து எக்செல் கோப்பில் சேமித்த பெயர்கள், ஒருங்குறியை எதிர்பார்க்கும் இன்றைய மென்பொருளுக்குள் ஏற்றப்பட்டதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகிவிடுகின்றன. முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, அதன் பின்னரே அவற்றை ஏற்ற வேண்டும்.

இவற்றிற்கு மென்பொருள் நிறுவனங்கள் தீர்வு தரும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. பெயரை விட்டுத் தொலைபேசி எண்ணை அடையாளமாகக் கொள்வதே எளிய வழி. பத்து இலக்கங்களையும் இடைக்கோடின்றி, அடைப்புக்குறியின்றி, எப்போதும் ஒரே விதமாக எழுதினால், ஒரே எண் இரண்டாம் முறை வரும்போது மென்பொருளே எச்சரிக்கும். குடும்பத்தைக் கடைசிப் பெயரால் இணைக்காது, முகவர் தம் கையாலேயே ஒரு வீட்டுத் தொகுதியாக இணைத்தல் வேண்டும். அவர் தம்மை எவ்வாறு அழைக்கச் சொல்கிறார் என்பதற்குத் தனிக் கட்டம் ஒன்றும், எம்மொழியிற் பேச விரும்புகிறார் என்பதற்கு மற்றொன்றும் வேண்டும். எழுபது வயதுத் தாயார் ஒருவரை அவரது தந்தையின் பெயரால், மேலைநாட்டு முறையில் 'திருமதி கந்தையா' என்று அழைத்துத் தொடங்கும் உரையாடல் முதற் சொல்லிலேயே முறிந்துவிடும்.

அடுத்தது, பெயர்களை எவ்வாறு வகுப்பது என்னும் வினா. பணத்தின் அளவைக் கொண்டு மனிதரை முதல்தரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் எனப் பிரிப்பது இத்தொழிலில் மலிந்த பழக்கம். நிறுவனத்தின் கணக்காளர்க்கு அது பயன்படலாம். உறவும் ஊரும் பின்னிக் கிடக்கும் ஒரு சமூகத்தில் அது நஞ்சு. பேச்சு எந்த அளவில் நிற்கிறது என்பதைக் கொண்டு வகுப்பதே தக்கது: பெயர் மட்டும் தெரிந்தவர், பேச இசைந்தவர், சந்தித்தவர், விபரம் தந்தவர், வேண்டாம் என்றவர். ஒருவரை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நகர்த்துவது அவருடைய சொல்லே. முகவரின் ஆசை அன்று.

நாள்களைக் கொண்டு வகுப்பதும் உண்மையான பயன் தருவது. பதிவுசெய்யப்பட்ட கல்விச் சேமிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டொன்றுக்குப் பிள்ளையின் பெயரில் இடப்படும் முதல் 2,500 டொலருக்கு 20 விழுக்காடு, அதாவது 500 டொலர் வரை, கனடிய அரசு மானியமாகச் சேர்க்கிறது. வாழ்நாள் உச்சம் 7,200 டொலர். பிள்ளையின் 16, 17 ஆம் வயதுகளில் இம்மானியம் கிடைக்க வேண்டுமாயின், 15 வயது நிறையும் ஆண்டின் முடிவிற்குள் குறைந்தது 2,000 டொலர் இட்டிருக்க வேண்டும். அல்லது ஏதேனும் நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 100 டொலராவது இட்டிருக்க வேண்டும். இது தெரியாது அந்த ஆண்டைக் கடந்துவிடும் பெற்றோர் உளர். பேச இசைந்த ஒரு தாயாரின் பதிவில் மூத்த பிள்ளையின் பிறந்த ஆண்டு குறிக்கப்பட்டிருந்து, 14 வயதில் மென்பொருள் நினைவூட்டியிருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பு அக்குடும்பத்திற்குப் பணமாகியிருக்கும்.

வருமானம் குறைந்த குடும்பங்களில் 2004 ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குரிய கனடா கற்றல் பத்திரம் இன்னும் கவனிக்கத் தக்கது. பெற்றோர் ஒரு சதமும் இடாமலேயே 2,000 டொலர் வரை அதன்வழி கிடைக்கும். பிள்ளைப் பருவத்தில் எவரும் கேட்டுப் பெறாவிடின், 18 வயது முதல் 21 ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாள் வரை இளையவர் தாமே கேட்டுப் பெறலாம். இந்த அவையில் உள்ள இளையோருட் சிலர்க்கும் இது பொருந்தக்கூடும். பணத்தின் அளவால் வகுக்கப்பட்ட பட்டியலில் இக்குடும்பங்கள் கடைசித் தரத்தில் கிடக்கும். அவர்களை அழைப்போர் இரார்.

கனடாவிற்கு வந்திறங்கிய நாளும் அத்தகையதே. முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம் இங்கு வாழ்ந்தபடி பெறுவதற்கு 18 வயதிற்குப் பின் குறைந்தது 10 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருத்தல் வேண்டும்; முழுத்தொகைக்கு 40 ஆண்டுகள். வரியற்ற சேமிப்புக் கணக்கின் இடவளவும் இங்கு வதிவாளரான ஆண்டிலிருந்தே பெருகுகிறது. பிள்ளைகளின் அனுசரணையில் ஐம்பது வயதிற்குப் பின் வந்த பெற்றோரின் கணக்கும், இங்கேயே பிறந்தவரின் கணக்கும் ஒன்றாகா. எனினும் மென்பொருள் தானாகத் தரும் கட்டங்களில் வந்திறங்கிய நாள் என ஒன்று இருப்பது அரிது. முகவர் புதிதாகச் சேர்க்கலாம். ஆயின் அதனைக் கேட்க வேண்டிய வேளை, அவர் விபரம் தர இசைந்த பின்னரே. எவ்வாறு வந்தார், எத்தனை ஆண்டுகள் அகதிக் கோரிக்கையோடு காத்திருந்தார் என்பன அக்கட்டத்திற்குத் தேவையில்லாதவை.

இங்கே சட்டத்தின் பக்கம் திரும்ப வேண்டும். கனடாவின் தனியார் துறைத் தகவற் பாதுகாப்புச் சட்டம் 2000 இல் நிறைவேறி, 2004 சனவரி 1 முதல் வணிக நிறுவனங்கள் மீது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கியூபெக், அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகியவற்றிற்குத் தத்தம் சட்டங்கள் உண்டு. இவற்றின் அடிப்படை ஒன்றே: எந்நோக்கத்திற்காக விபரம் திரட்டப்பட்டதோ அந்நோக்கத்திற்கே அது பயன்பட வேண்டும், வேறொன்றிற்குப் பயன்படுத்த வேண்டின் உரியவரின் இசைவு வேண்டும். சங்கங்களும் கோயில்களும் கவனிக்க வேண்டிய ஒன்றையும் அச்சட்டம் கூறுகிறது. உறுப்பினர் பட்டியலையோ நன்கொடையாளர் பட்டியலையோ விற்பதும் பண்டமாற்றாகக் கொடுப்பதும் வாடகைக்கு விடுவதும் வணிகச் செயல்களாகவே கொள்ளப்படும். ஆண்டு மலருக்கு விளம்பரம் தந்த முகவர்க்குக் கைமாறாகப் பழைய மாணவர் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் செயலாளர், தாம் செய்வது உதவி என்றே எண்ணியிருப்பார்.

மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் 2014 யூலை 1 முதல் தனிச்சட்டம் உண்டு. இசைவின்றி வணிகச் செய்தி அனுப்பலாகாது. மீறுவோர்க்குத் தண்டம் தனியாளாயின் 10 இலட்சம் டொலர் வரை, நிறுவனமாயின் ஒரு கோடி டொலர் வரை செல்லலாம். ஒருவர் தாமாக விசாரித்திருந்தால் ஆறு மாதங்களும், பொருளோ சேவையோ வாங்கியிருந்தால் இரண்டு ஆண்டுகளும் இசைவு இருப்பதாகக் கொள்ளப்படும். அதன் பின் அது காலாவதியாகும். பதிவில் நாள் குறிக்கப்படாவிடின் எது காலாவதியானது என்பதை எவரால் அறிய முடியும்?

பரிந்துரையால் வந்த பெயருக்கு ஒரு வாயில் திறந்துள்ளது. முகவரோடும் பெறுநரோடும் உறவோ தொடர்போ உடைய ஒருவர் பரிந்துரைத்திருப்பின், ஒரேயொரு செய்தி அனுப்பலாம். அச்செய்தியில் பரிந்துரைத்தவரின் முழுப்பெயரும், அவரது பரிந்துரையாலேயே எழுதப்படுகிறது என்பதும் இருத்தல் வேண்டும். 'உங்கள் நண்பர் ஒருவர் சொன்னார்' என்பது போதாது. தம் பெயர் அவ்வாறு எழுதப்படுவதைப் பரிந்துரைப்பவர் அறிந்திருந்தால், நான்கு பெயர் தாருங்கள் என்று முகவர் கேட்கும்போது அவர் சற்று நின்று சிந்திப்பார். அது நல்லதே. ஒரே ஊரார் என்பதும் ஒரே பாடசாலையிற் படித்தோர் என்பதும் மட்டும் சட்டத்தின் கண்ணில் தனிப்பட்ட உறவு ஆகிவிடா.

தொலைபேசிக்கு வேறு விதி. 'அழைக்க வேண்டாம்' என்னும் தேசியப் பட்டியல் 2008 செப்டெம்பர் 30 அன்று தொடங்கியது. அதில் எண்ணைப் பதிவது இலவசம். விற்பனை அழைப்புக்குரிய நேரம் வார நாள்களில் காலை 9 மணி முதல் இரவு 9.30 வரையும், சனி ஞாயிறுகளில் காலை 10 முதல் மாலை 6 வரையுமே.

இத்தனை சட்டம் கூறியும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. தம் விபரத்தை ஒரு படிவத்தில் எழுதத் தாத்தாவும் பாட்டியும் ஏன் இத்துணைத் தயங்குகின்றனர் என்று இளையோர் கேட்பதுண்டு. விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தமையைப் பலரும் பதிவு செய்துள்ளனர். வாக்களிப்பதற்காக ஆக்கப்பட்ட பட்டியல் அது. அதில் பெயர் இருப்பது குடிமகனின் உரிமை எனக் கருதப்பட்டது. அதே பட்டியல் எந்த வீட்டிற்குத் தீ வைப்பது என்பதைக் காட்டிக்கொடுத்தது. பின்னாளில் கொழும்பில் தங்கிய தமிழர் தம் விபரங்களைக் காவல் நிலையங்களிற் பதிய வேண்டியிருந்ததையும் பெற்றோர் மறந்திலர். ஒரு நோக்கத்திற்காக எழுதப்பட்ட பெயர் மற்றொரு நோக்கத்திற்குப் பயன்பட்டால் என்ன நேரும் என்பதை அவர்கள் சட்டம் படித்து அறியவில்லை.

காப்புறுதி விற்பனையை அக்கொடுமையோடு ஒப்பிடுவது பொருந்தாது. இவ்வுரை அதனைச் செய்யவுமில்லை. ஆயினும் குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று எண்ணும் இளையவர் இவ்வரலாற்றை மனத்திற் கொள்ள வேண்டும். மென்பொருளில் உள்ள கட்டங்களுள் மிக இடர் மிகுந்தது 'குறிப்பு' என்னும் அந்தத் திறந்த வெளியே. சாதி, ஊர்ப்பகை, அரசியற் சார்பு, குடிவரவு நிலை, கணவன் மனைவிப் பிணக்கு, எவரோ சொன்ன நோய் என எல்லாம் அங்கே வந்து விழுகின்றன. ஆறு மாதங்களுக்கு முன் தேநீர் அருந்தியபோது காதில் விழுந்த ஒரு சொல், நிறுவனத்தின் கணினியில் நிலைத்துவிடுகிறது. உரியவர் அருகில் அமர்ந்து திரையைப் படித்தால் எழுதத் துணியாத எதையும் அங்கே எழுதலாகாது. அவர் படிக்கவும் கூடும் என்பது அடுத்துக் கூறப்படும்.

தமிழ்ப் பெண்கள் பலர் வீடுகளில் சீட்டு நடத்தி வந்துள்ளனர். சீட்டுக் கொப்பியில் பெயர் இருக்கும், தொகை இருக்கும், எடுத்த மாதம் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இராது. கழிவும் வட்டியும் பற்றி எத்தனையோ சண்டைகள் வந்திருக்கலாம். கொப்பியில் எழுதப்பட்ட குறிப்பால் எவரும் புண்பட்டதாகத் தெரியவில்லை.

'வேண்டாம்' என்று ஒருவர் சொல்லும்போது செய்ய வேண்டியது என்ன? பதிவை முற்றாக அழித்துவிடுவதே மரியாதை என்று பலர் எண்ணுகின்றனர். அழித்தால் அடுத்த மாதம் வேறொரு எக்செல் கோப்பை ஏற்றும்போது அவர் புதியவராய் மீண்டும் முளைப்பார், மீண்டும் அழைக்கப்படுவார். ஆகவே எண்ணை மட்டும் நிறுத்தி, 'அழைக்க வேண்டாம்' என்னும் குறியை இட்டு, ஏனைய விபரங்களையும் குறிப்புகளையும் நீக்குவதே முறை. அவ்வாறான உட்பட்டியல் ஒன்றைப் பேணுமாறும், வேண்டுகோள் வந்த 14 நாள்களுக்குள் அதனை நடைமுறைப்படுத்துமாறும் தொலைபேசி விற்பனை விதிகளே கூறுகின்றன. மின்னஞ்சலாயின் 10 வேலை நாள்கள். தமிழர் நேரடியாக 'வேண்டாம்' என்பது குறைவு. 'பிறகு பார்ப்போம்', 'இவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்' என்பனவே வரும். மூன்றாம் முறையும் அதே விடை வந்தால் அதனை 'வேண்டாம்' என்றே பதிதல் நாகரிகம். மென்பொருள் இதனை அறியாது. அது மூன்று மாதத்திற்கு ஒருமுறை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

பட்டியல் யாருடையது என்பது மற்றொரு சிக்கல். முகவர் நிறுவனம் மாறும்போது பட்டியலையும் எடுத்துச் செல்லலாமா என்பது அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சேரும் நாளிலேயே அப்பகுதியைப் படித்துக்கொள்ளுதல் வேண்டும். மடிக்கணினி வாகனத்திலிருந்து களவுபோனாலும், கோப்பு தவறான வாட்சப் குழுவிற்குப் போய்விட்டாலும், அது தனியார் இழப்பு மட்டும் அன்று. 2018 நவம்பர் 1 முதல், குறிப்பிடத்தக்க தீங்கு விளையும் மெய்யான இடர் இருப்பின், தனியுரிமை ஆணையாளர்க்கும் பாதிக்கப்பட்டோர்க்கும் நிறுவனம் அறிவித்தாக வேண்டும்.

இறுதியாகப் பெற்றோர்க்கு. அறியாத முகவர் ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால், 'என் பெயரை யார் தந்தது?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அழைத்தவர் மருமகனின் நண்பராயினும் கேட்கலாம். விடை நிறைவளிக்காவிடின் எழுத்தில் கேட்கலாம்: என்னைப் பற்றி உங்களிடம் உள்ள விபரங்கள் யாவை, அவை எங்கிருந்து வந்தன, எதற்குப் பயன்பட்டன, யாருக்குக் கொடுக்கப்பட்டன. நிறுவனம் பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். குறிப்புக் கட்டமும் இதில் அடங்கும். விடை வராவிடின் தனியுரிமை ஆணையாளர் அலுவலகத்திற்கு முறையிடலாம்; அதற்குக் கட்டணமில்லை.

அக்கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பிள்ளையாகவே இருப்பார். நான்கு வரிகள் போதும். நாள் இட்டு, படியொன்றை எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புதல் வேண்டும்.